மாவடு கொடுத்து வாங்கிய தகரம்

இலங்கையில் பதுளைப் பக்கமிருந்து லுணுகலைக்கு நடந்து வருகிறவர்கள் ஆத்தோரத் தேயிலைத் தோட்டத்தைத் தாண்டும்போது, கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் சாலையோர லயத்தின் முதல் காம்பராவிலிருந்து ஒரு வசவு கேட்கும்.

"அறிவிருக்கா? இந்த வெயில்ல தலையில ஒரு துணிகூடப் போடாம நடப்பாகளா? வா இங்க. உக்காரு. குடி."

குடிக்கச் சொல்வது கஞ்சியை. குடித்து முடிக்கும்வரை வசவு ஓயாது. முடித்துவிட்டு, "ரொம்ப உபகாரம்மா" என்று யாராவது சொல்லிவிட்டால் அதற்குத் தனியாக ஒன்று கிடைக்கும். அந்த வாய்க்குச் சொந்தக்காரி இராக்கம்மா.

அவள் காம்பரா வாசலில், ஆணியில், நசுங்கிக் கறுத்த ஒரு தகரம் தொங்கியது. அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவர் கழுத்திலும் கட்டிவிட்ட தகரம்தான். தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் அதில் குத்தியிருக்கும். ஆளைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. எங்கே ரயிலேற்றுவது, எங்கே இறக்குவது, யாரிடம் ஒப்படைப்பது எல்லாம் தகரம் சொல்லிவிடும். மற்றவர்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததும் அதைக் கழற்றி எறிந்தார்கள். இராக்கம்மா மட்டும் ஆணியடித்து மாட்டினாள். அந்தத் தகரத்தால் அவள் இரண்டு நாள் இன்னொருவன் பெண்சாதியாக இருந்திருக்கிறாள். அவளே ஊர் முழுக்கச் சொன்ன கதை என்பதால் நாமும் கூசாமல் சொல்லலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் வருஷம், சித்திரை மாதம், அவள் குளித்தலைப் பக்கத்திலிருந்து புறப்பட்டு வந்து கப்பலேறினாள். புருஷன் மாரிசாமி மூன்று வருஷம் முன்பே லுணுகலைக்கு வந்தவன். இப்போது வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தான். இராக்கம்மா ஒரு துணி மூட்டையும் ஒரு கலயம் மாவடுவும் எடுத்துக்கொண்டாள். மாரிசாமிக்கு மாவடு என்றால் உயிர். அது இல்லாமல் மூன்று வருஷமாக அந்த மனுஷனுக்கு எப்படிச் சோறு இறங்குகிறதோ என்பதுதான் அவளுடைய பெரிய கவலை. புறப்படும்போது ஊரே கூடிப் புத்தி சொன்னது: "கடல் தாண்டிட்டா ஒருத்தரையும் நம்பாதே. சிரிச்சுப் பேசுறவன்தான் மொதல்ல கலயத்தைத் தூக்குவான்." இராக்கம்மா அதை அப்படியே மனசில் முடிந்துகொண்டாள்.

தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டி வந்த கங்காணிக்குக் கப்பலிலேயே காய்ச்சல். கொழும்புக்குப் பக்கத்தில் இருந்த முகாமில் அவனை நிறுத்திவிட்டார்கள். மற்றவர்களைக் குளிக்க வைத்து, துணிகளை ஆவியில் அவித்து, கையில் அம்மை குத்தி, கழுத்தில் தகரம் கட்டினார்கள். தகரம் எதற்கு என்று ஒருவர் உரக்க எடுத்துச் சொல்லத்தான் செய்தார். அந்த நேரத்தில் இராக்கம்மா, கலயத்தை வெளியே கொட்டச் சொன்ன ஆளோடு சண்டையில் இருந்தாள். சண்டையில் ஜெயித்து வந்தவள், குளித்ததற்கும் குத்திக்கொண்டதற்கும் அடையாளமாக இதைக் கொடுக்கிறார்கள் என்று தானாகவே முடிவு கட்டிவிட்டாள்.

ஆனால் தகரம் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஓரம் நசுங்கி, கறுத்துப்போயிருந்தது. மூன்று வருஷம் கழித்துப் புருஷன் முகத்தில் விழிக்கப் போகிறவள் கழுத்தில் இப்படியா ஒன்று தொங்குவது? பக்கத்தில் தலை உலர்த்திக்கொண்டிருந்த செவத்த பெண்ணின் தகரம் பளபளவென்று இருந்தது.

"இந்தாம்மா, ஒன்னுத எனக்குக் குடு. என்னுத நீ போட்டுக்க."

"எதுக்குக்கா?"

"ஒனக்கு நெறம் இருக்கு, எதைப் போட்டாலும் எடுக்கும். சும்மா கேக்கலம்மா. ஒரு கை மாவடு தாரேன்."

மாவடு என்றதும் அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் தகரத்தைக் கழற்றினாள். இரண்டு பேரும் பேரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. பேரைச் சொன்னால் அதை வைத்து யாராவது என்னவாவது செய்துவிடுவார்கள் என்று இராக்கம்மாவுக்குப் பயம்.

ரயில் அப்புத்தளையில் நின்றபோது விடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. பனி மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சேவகன் பெட்டிக்குள் ஏறி, ஒவ்வொரு கழுத்தாகத் தகரத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"நீ எறங்கு."

"நான் லுணுகலைங்க."

"தகரம் அப்புத்தளைங்குது."

"தகரத்துக்கு என்னங்க தெரியும்? போறவ நானு!"

தகரத்துக்குத்தான் எல்லாம் தெரியும் என்பது சேவகனின் கட்சி. மூட்டையை எடுத்து வெளியே வைத்துவிட்டான். மூட்டை போன பிறகு இராக்கம்மா எங்கே போவாள்? கலயத்தை அணைத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள். செவத்த பெண் அடுத்த பெட்டியில் தூங்கிக்கொண்டே, லுணுகலைக்காரர்கள் இறங்குகிற பண்டாரவளைக்குப் போனாள்.

தகரத்தின்படி அவளைக் கொண்டுபோய் ஒப்படைத்த குருவிமலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை பேரேட்டை விரித்து, விரல் வைத்துப் படித்தார். "மீனாம்பாள். வீரசிங்கம் பெண்சாதி." உடனே வீரசிங்கத்துக்கு ஆள் போயிற்று. அவன் துவைத்த வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக, ஓட்டமும் நடையுமாக வந்தான். இராக்கம்மாவைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் பார்த்தான். கதவுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தான்.

"எங்கங்க?"

"கண்ணு முன்னாடி நிக்குதே!"

"இது இல்லீங்க."

"நீ இங்க வந்து மூணு வருஷமாச்சு, ஆள் மாறியிருக்கும்யா."

"மொகம் மாறுங்க. மூக்குமா மாறும்?"

இராக்கம்மாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "என் மூக்குக்கு என்னவாம்? இந்தாளு என் புருஷன் இல்லீங்க. அவுக இதைவிட ஒரு மொழம் ஒசரம்."

"ஒசரமெல்லாம் பேரேட்டுல இல்ல" என்றார் கணக்கப்பிள்ளை. "ஒரு மீனாம்பா வரணும்னு இருக்கு. ஒரு மீனாம்பா வந்தாச்சு. தொரைக்குக் கணக்கு சரியா இருக்கணும்." பேரேட்டை மூடிவிட்டார்.

வீரசிங்கம் பாவம், மனைவி வருகிறாள் என்று காம்பராவை மெழுகி, ஒரு சீப்பும் கைக்கண்ணாடியும் வாங்கி வைத்திருந்தான். அவற்றை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தான். "தங்கச்சி, நீங்க உள்ள இருங்க. நான் பக்கத்துக் காம்பராவுல ஒண்டிக்கிறேன்" என்றான். இராக்கம்மா கதவைச் சாத்தி, அம்மிக்கல்லை நகர்த்தி முட்டுக்கொடுத்து, கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலையில் வாசலில் ஒரு குடம் தண்ணீரும் சட்டியில் சோறும் இருந்தன. 'எதுக்கு வெச்சிருக்காரு? இவருக்கு என்ன வேணுமாம்?' என்று முனகிக்கொண்டே முழுவதையும் தின்றாள்.

அவளுடைய பயம் இந்த ஆளைப் பற்றி மட்டும் இல்லை. லுணுகலையில் மாரிசாமி வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். வரவேண்டியவள் வரவில்லை என்றால் செத்துவிட்டாள் என்றுதானே நினைப்பான்? கப்பலில் வந்தவர்களில் அப்படிப் போனவர்களும் உண்டு. 

இரண்டு நாளும், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டபோது, "மீனாம்பா!" என்று கணக்கப்பிள்ளை கத்த, "இராக்கம்மா!" என்று அவள் அவரைவிட உரக்கக் கத்தினாள். பெரட்டுக்களமே வேடிக்கை பார்த்தது. தகரம் மாற்றிய கதையை இராக்கம்மா சொல்லக் கேட்டிருந்த வீரசிங்கம் நடுவில் நின்று, தன் பெண்சாதி லுணுகலையில்தான் இருப்பாள், ஆளை மாற்ற விடுங்கள் என்று கும்பிட்டுக் கும்பிட்டுக் கேட்டான். மூன்றாம் நாள் கணக்கப்பிள்ளைக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். "போய் ஆளை மாத்திட்டு வா. ஆனா தகரத்தோட வரணும். தகரம் இல்லாம எந்த மீனாம்பா வந்தாலும் இங்க பேரேட்டுல பேர் விழாது."

லயத்தில் உள்ளவர்கள் வீரசிங்கத்துக்கு யோசனை சொன்னார்கள். தகரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு நீ தனியாக ஓடு, ஆகிற நாளில் பாதியில் போய்விடலாம், இந்த வாயைக் கூட்டிக்கொண்டு எங்கே நடப்பாய் என்றார்கள்.

"அந்தப் புள்ளையும் புருஷனைத் தேடித்தானே வந்திருக்கு" என்றான் வீரசிங்கம். அவ்வளவுதான் சொன்னான். அதை இராக்கம்மா கதவுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டாள். 

ஐம்பது மைல் நடை. வீரசிங்கம் பண்டாரவளையைத் தாண்டிப் போனதே கிடையாது. ஆனால் வழி தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டான். எதிரே வந்த அத்தனை பேரிடமும், "இது பதுளை ரோடுதானே?" என்று தெரிந்தவனைப்போல் கேட்டான். யாரும் தப்பாகப் பேசிவிடக் கூடாது என்று முப்பது அடி முன்னாலேயே நடந்தான். ஒவ்வொரு வளைவிலும் நின்று, அவள் தலை தெரிந்ததும் மறுபடி நடந்தான். ஹாலி எல வரும்போது இராக்கம்மாவின் கால் கொப்புளித்துப் பழுத்துவிட்டது. அவன் திரும்பி வந்து கையை நீட்டினான். "கலயத்தைத் தொட்டீங்கன்னா பாருங்க" என்றாள். அரை மைல் தள்ளி அவளே கொடுத்தாள்.

பதுளைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடை வாசலில் அவளால் மேலே எட்டு வைக்க முடியவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரர் ஜுனைதீன் வெளியே வந்தார். விரட்டப் போகிறார் என்று இராக்கம்மா சண்டைக்குத் தயாரானாள். அவர் அவள் காலைப் பார்த்துவிட்டு உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து அவர் மனைவி ஸகீனா வந்து, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், வெந்நீரில் காலைக் கழுவி, மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டாள்.

"எதுக்கு இதெல்லாம் செய்யிறீக? எங்கிட்ட ஒண்ணும் இல்ல. மாவடு மட்டுந்தான் இருக்கு. அதுவும் அவுகளுக்கு" என்றாள் இராக்கம்மா.

"மொதல்ல கஞ்சியைக் குடிங்க புள்ள. குடிச்சிட்டுத் தெம்பா சண்டை போடலாம்" என்றாள் ஸகீனா.

புறப்படும்போது ஜுனைதீன் ஒரு ஜோடி செருப்பைக் கொண்டுவந்து வைத்தார். ஆம்பளைச் செருப்பு, இராக்கம்மாவின் கால் அதில் பாதிதான் நிறைந்தது. கயிறு வைத்துக் கட்டிக்கொடுத்தார். "எனக்கு வேற இருக்கு" என்றார். தெருமுனையில் இராக்கம்மா திரும்பிப் பார்த்தாள். அவர் வெறுங்காலோடு கடைப்படியில் நின்றிருந்தார். அவள் வெடுக்கென்று திரும்பி நடந்தாள். பசறைவரை அவள் யாரையும் வையவில்லை என்பதை வீரசிங்கம் கவலையோடு கவனித்தான். உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டதோ என்று பயந்தான்.

ஐந்தாம் நாள் ஆத்தோரத் தோட்டத்தில் போய் நின்றார்கள். மாரிசாமி இல்லை.

"மாரிசாமியா? முந்தாநாளே கெளம்பிட்டானே. அவன் பெண்சாதி தகரத்தைப் போட்டுக்கிட்டு வேற ஒரு புள்ள வந்துச்சு. அதோட புருஷன் அப்புத்தளையில இருக்கானாம். 'பாவம், புருஷன் தேடுவான்'னு சொல்லி அன்னைக்கே கூட்டிட்டுப் போயிட்டான்" என்றார்கள்.

இவர்கள் வந்தது பதுளை வழி. மாரிசாமி போனது பசறையிலிருந்து எல்ல பக்கமாகப் பிரிகிற குறுக்கு வழி. இரண்டு ஆண்களில் ஒருவன் கொஞ்சம் கல்நெஞ்சனாக இருந்து, 'வருகிறவர்கள் வரட்டும்' என்று வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் எல்லாம் இந்நேரம் முடிந்திருக்கும். இரண்டு பேரும் நல்லவர்களாகப் போய்விட்டதுதான் வினை.

வீரசிங்கம் தரையில் உட்கார்ந்தான். உடனே எழுந்தான். "நான் திரும்பிப் போறேன்."

"நீங்க அங்க போவீக. அவுக இங்க வருவாக. அப்புறம் நீங்க இங்க வருவீக. வயசாகுற வரைக்கும் நடந்துகிட்டே இருக்க வேண்டியதுதான்" என்றாள் இராக்கம்மா. "எங்க வீட்டு மனுஷன் ஒரு எடத்துல நிக்கவே மாட்டாரு. நான் அங்க இல்லைன்னு தெரிஞ்ச நிமிஷமே திரும்புவாரு. ரெண்டு ரோடும் பசறையிலதான் சேருது. அங்க போய் உக்காருவம்."

"நான் போறேன் தங்கச்சி. நீங்க வீட்டுக்கு வந்துட்டீங்க. கால் வேற வீங்கியிருக்கு."

"நீங்களா? பசறையில நில்லுங்கன்னா பண்டாரவளையில போய் நிப்பீக." அவள் கலயத்தை எடுத்துக்கொண்டாள். வீடு என்று வந்த இடத்தில் அவள் ஒரு வேளைச் சோறுகூடத் தின்னவில்லை. செருப்புப் படபடவென்று அடிக்க, வந்த வழியே நடந்தாள்.

பசறையில் ரோடு பிரிகிற இடத்தில் ஒரு கல்லின்மேல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார்கள். போகிறவர் வருகிறவரையெல்லாம் இராக்கம்மா நிறுத்தி, "ஒரு ஒசரமான ஆளு, ஒரு செவத்த பொண்ணோட வந்ததைப் பாத்தீகளா?" என்று கேட்டாள்.

"அப்படிக் கேக்காதீங்க தங்கச்சி. ஓடிப்போனவங்கன்னு நெனைப்பாங்க" என்று வீரசிங்கம் நெளிந்தான்.

அப்படித்தான் நினைத்தார்கள். நினைத்து, இரக்கப்பட்டு, ஆளுக்கொன்று கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு வண்டிக்காரர் மழைக்குச் சாக்கு கொடுத்தார். எதிர்க் குடிசைச் சிங்களப் பெண் அவித்த பலாக்காயை இலையில் கொண்டுவந்து வைத்தாள். அவள் பேசியது இவளுக்குப் புரியவில்லை. இவள் வைததும் அவளுக்குப் புரியவில்லை. வெறும் இலையைத் திருப்பிக் கொடுக்க மனசு வராமல் இராக்கம்மா கலயத்தின் துணியை அவிழ்த்து இரண்டு மாவடுவை அதில் வைத்தாள். அந்தப் பெண் கடித்தாள், முகத்தைச் சுளித்தாள், சிரித்தாள், கொஞ்ச நேரத்தில் அக்கம்பக்கத்தாரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவிழ்த்த துணியை இராக்கம்மா மறுபடி கட்டவே இல்லை. வண்டிக்காரருக்கு நாலு, பதுளைக்குப் போன ஒருவர் மூலமாக ஸகீனாவுக்கு இலைப்பொட்டலத்தில் இரண்டு கை. கடலும் முகாமும் தாண்டி வந்த கலயம் பசறைச் சந்தியில் காலியாயிற்று.

இரண்டாம் நாள் மத்தியானம் எல்ல ரோட்டு வளைவில் மாரிசாமி தெரிந்தான். தலையில் மீனாம்பாளின் மூட்டை. பின்னால் மீனாம்பாள் கைவீசி வந்தாள். தன் தகரம் இல்லாத மீனாம்பாளைச் சேர்க்க முடியாது என்று குருவிமலைக் கணக்கப்பிள்ளை திருப்பி அனுப்பியிருந்தார்.

மூன்று வருஷம் கழித்துப் புருஷனிடம் இராக்கம்மா சொன்ன முதல் பேச்சு இது: "என் மூட்டையை ஒரு நாளாவது தூக்கியிருக்கீகளா?"

மாரிசாமி மூட்டையைத் தொப்பென்று போட்டான். "வையிறா! ஆண்டவனே, வையிறா!" என்றான். அவனுக்குக் கண்ணீர் கொட்டியது. "தகரம் மட்டும் வந்திருக்கு, ஆளைக் காணோம்னா செத்துட்டான்னு அர்த்தம்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. இந்தப் புள்ளைகிட்ட, தகரத்தை மாத்துனது யாருன்னு கேட்டா பேரு தெரியலைங்குது. 'நல்லா வைவாங்க'ன்னுச்சு. பாதி நம்பிக்கை வந்துச்சு. அப்புறம் முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்த மாவடுல ஒண்ணு குடுத்துச்சு. வாயில போட்டேன். ஒன் கைதான். இருக்கா, இந்த நாட்டுலதான் எங்கயோ இருக்கான்னு அப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு." மூக்கைச் சிந்தினான். "கலயம் எங்க?"

இராக்கம்மா கலயத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். உப்புத்தண்ணீர் நாலு சொட்டு விழுந்தது.

"ரோட்டுல போனவுகளுக்கெல்லாம் குடுத்துட்டேங்க" என்றாள். சொல்லும்போதே அவள் முகம் மாறியது. வீரசிங்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சற்றுத் தள்ளி, மீனாம்பாளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். ஹாலி எலயிலிருந்து லுணுகலைவரை அந்தக் கலயத்தைச் சுமந்தவன். ரோட்டில் போன வண்டிக்காரருக்குக்கூட நாலு கிடைத்தது.

"அண்ணே" என்றாள். அதுவரை அவள் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஊருக்கெல்லாம் குடுத்தேன். ஒங்களுக்கு ஒண்ணு குடுக்கலையே அண்ணே." வாய்க்காரி இராக்கம்மா நடுரோட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"நான் கேக்கலையே தங்கச்சி" என்றான் வீரசிங்கம், தப்பு தன்னுடையதுபோல.

மீனாம்பாள் முந்தானையை அவிழ்த்தாள். தனக்கென்று வைத்திருந்ததில் நாலு மிச்சம் இருந்தது. இரண்டை மாரிசாமியிடமும் இரண்டை வீரசிங்கத்திடமும் கொடுத்தாள். இராக்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மாரிசாமி கையிலிருந்ததையும் பிடுங்கி வீரசிங்கம் கையில் வைத்தாள். "தின்னுங்க அண்ணே. என் கண்ணு முன்னாடி தின்னுங்க."

வீரசிங்கம் நாலையும் தின்றான். கண்ணை இறுக மூடிக்கொண்டு தின்றான். கண்ணோரம் தண்ணீர் வந்தது. "நல்லா இருக்கு தங்கச்சி. ரொம்ப நல்லா இருக்கு" என்றான்.

தகரங்கள் அவரவர் கழுத்துக்குத் திரும்பின. ஜுனைதீனுடைய செருப்பை இராக்கம்மா மறுமாதமே பதுளைக்குக் கொண்டுபோனாள். அவர், "இது என்னுது இல்லையே" என்று சாதித்து, அவள் காலுக்கே திருப்பி அனுப்பிவிட்டார். அதற்காக அவரைக் கடைவாசலிலேயே வைது தீர்த்தாள். அதன் பிறகுதான் சாலையோரக் காம்பராவுக்குக் குடிமாறியதும், போகிற வருகிறவர்களைப் பிடித்து உட்கார வைத்ததும். வருஷா வருஷம் பசறைப் பக்கத்து மாமரங்களில் வடு பிடித்ததும் முதல் கலயம் குருவிமலைக்குப் போகும். வீரசிங்கமும் வருஷா வருஷம், இதைப்போல் நான் தின்றதே இல்லை என்று சொல்லியனுப்புவான். அப்படியே பதினாறு வருஷம் போயிற்று.

மீனாம்பாள்தான் பதினாறு வருஷமும் அதைத் தின்றாள். வீரசிங்கத்துக்குச் சின்ன வயசிலிருந்தே புளிப்பு ஆகாது, தயிர்கூடத் தொடமாட்டான். அது இராக்கம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது.